அண்ணனூருக்கு வந்த ஜப்பாண்டி

எங்கள் வீட்டில் சோபா தேயவில்லை, மிதியடிதான் தேய்ந்தது. அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற இந்த அடுக்குமாடிக்கு நானும் என் மனைவி கோமதியும் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் வாங்கிய மெரூன் நிறச் சோபா போன தீபாவளி வரைக்கும் கடையில் பார்த்த விறைப்போடுதான் இருந்தது. வாசலில் போடுகிற மிதியடியோ வருஷத்துக்கு ஒன்று நைந்து போயிற்று. வருகிறவர்கள் வருவார்கள், மணியடிப்பார்கள், சிரிப்பார்கள், மிதியடி மேல் நின்றபடியே ஊர்க்கதை பேசுவார்கள், கொடுத்ததை வாங்கிக் குடிப்பார்கள், போய்விடுவார்கள். ஒருத்தர் உட்காரவேண்டுமே! ஊரிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் வந்தால் உட்காருவார்கள், அது வேறு கதை. இந்த மண்ணைச் சேர்ந்த ஒரு மனுஷர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். என்னைப் போல மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று சிதறிக் கிடக்கிறவர்கள் ஒருவேளை தலையாட்டுவார்கள்.

தணிகாசலத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எங்கள் கட்டடம் நிற்கிற இடம் அவருடைய குடும்பத்து நிலம். கட்டடத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கிற பழைய வீட்டில்தான் இப்போதும் குடியிருக்கிறார். பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். குடிவந்த முதல் வாரம் மரியாதையாக “வாங்க அண்ணாச்சி” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “இன்னா சார், நான் இன்னா மளிகக் கடையா வெச்சிகீறேன்?” என்றார். நெல்லைச் சீமையில் கலெக்டரைக்கூட அண்ணாச்சி என்று கூப்பிடலாம், இங்கே அண்ணாச்சி என்றால் புளி, மிளகாய் நிறுக்கிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் பேசாமல் அண்ணே என்று மாற்றிக்கொண்டேன்.

நல்ல மனுஷர். மோட்டார் ஓடவில்லை என்றால் அவர்தான் முதலில் வந்து சொல்வார். அவர் வீட்டு முருங்கை காய்த்தால் எங்களுக்கு நாலு வரும். மணியடித்து, “இன்னா சார், கீறீங்களா?” என்பார். நான் கதவைத் திறந்து, “வாங்க வாங்க, இருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடுவேன். எங்கள் பக்கத்தில் வந்தவருக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. செம்போடு திரும்பி வந்தால் மனிதர் அதே மிதியடி மேல் அப்படியே நிற்பார். தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். கோமதி காப்பி கொண்டுவருவாள், அதையும் நின்றுகொண்டே குடிப்பார். “வர்ட்டா சார்?” என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். சோபா நாலடி தூரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

முதல் வருஷம், அவசரம் போல என்று நினைத்தேன். இரண்டாம் வருஷம், கூச்சம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சுருக்கென்று தைக்க ஆரம்பித்தது. “அவுக நெலத்துல நாம வந்து ஒக்காந்துட்டோம்லா, அந்தக் கோவம்” என்பது கோமதியின் கட்சி. எனக்குள் இருந்தது அதைவிட மோசமான சந்தேகம். நம் நாட்டில் யார் வீட்டில் யார் உட்காருவார், யார் உட்காரமாட்டார் என்பதற்கு ஒரு பழைய விவகாரம் இருக்கிறது அல்லவா? அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, மனசிலிருந்து துடைக்கவும் முடியாது. என்னை இந்த மனுஷர் எந்தத் தட்டில் வைத்திருக்கிறார் என்று யோசித்து யோசித்து ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று.

இதில் கூத்து என்னவென்றால், உட்காருகிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் நான் கடையத்தை விட்டே ஓடிவந்தேன். எங்கள் வீட்டுப் பட்டாசல் (இங்கே ஹால் என்கிறார்களே, அதுதான் எங்களுக்குப் பட்டாசல்) ஒருநாள்கூடக் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏணி இரவல் கேட்க வந்தவர் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு, ஏணியை மறந்துவிட்டுப் போவார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அப்பாவின் மரணத்தைப் பல கோணங்களில் விவரிப்பார். அப்பாவைத் திட்ட வந்தவரைக்கூட அம்மா “இருங்க” என்று சொல்லி மோர் கொடுத்துத்தான் திட்டவிடுவாள். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குக் கணக்குப் படித்தது இரண்டு பெரியப்பாக்களின் சொத்துத் தகராறுக்கு நடுவில். மார்க் எப்படி வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மனுஷ முகமே இல்லாத ஊருக்குப் போய்விடவேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். சாமி நாள் கடத்தினாலும் காரியத்தைச் சரியாகத்தான் முடித்துக் கொடுத்திருக்கிறது.

போன தீபாவளிக்குத்தான் விஷயம் முற்றியது. பலகாரம் கொடுக்கத் தணிகாசலத்தை வரச்சொல்லியிருந்தேன். வந்தார், நின்றார், அதிரசத்தை நின்றுகொண்டே தின்றார், போனார். கதவைச் சாத்திவிட்டுக் கோமதி ஹாலை ஒரு சுற்று பார்த்தாள். ட்யூப் லைட், மெரூன் சோபா, என் மகன் பள்ளியில் வாங்கிய கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸ், கடைக்காரர்கள் கொடுத்த மூன்று காலண்டர், மூலையில் ஒரு சைக்கிள் பம்பு.

“குத்தம் அவுக மேல இல்லங்க” என்றாள். “இந்த லெச்சணத்துல எவன் உக்காருவான்? ஹாலை மாத்துவோம்.”

அப்படித்தான் நிவேதா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தாள். அம்பத்தூரில் என் அலுவலகத்தில் ஒருவர் கைகாட்டிவிட்ட இன்டீரியர் டிசைனர். இருபத்தாறு வயதிருக்கும். கையில் டேப்லட், வாயில் நிமிஷத்துக்கு நாலு ‘வைப்’. ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஏதோ தீய்ந்த வாடை வருகிறது போல என்று கோமதி அடுப்பைப் பார்க்க ஓடினாள். நிவேதா மெதுவாகக் கண்ணைத் திறந்து, “அங்கிள், இந்த ஸ்பேஸ் ரொம்பக் கத்துது” என்றாள்.

“எங்களுக்கு ஒண்ணுதாம்மா வேணும். வாரவங்க உக்காரணும்” என்றேன்.

“அப்போ ஜப்பாண்டி போயிடலாம் அங்கிள்.”

“பாண்டியா? எந்தப் பாண்டி?” என்றாள் அடுக்களையிலிருந்து வந்த கோமதி. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பாண்டி உண்டு, அவள் கேட்டதில் தப்பில்லை.

நிவேதா பொறுமையாக விளக்கினாள். ஜப்பான் பாணி பாதி, ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து ஸ்காண்டிநேவியப் பாணி பாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தம். ஜப்பான் வீட்டுக்கு அமைதி தரும், ஸ்காண்டி வீட்டுக்கு வார்ம்த் தரும். “வார்ம்த்துன்னா கதகதப்பு அங்கிள்” என்றாள். ஆவடியில் சித்திரை மாசம் வந்து பாரம்மா, கதகதப்பு எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். அதையும் டேப்லட்டில் குறித்துக்கொண்டாள். பனி பெய்கிற இரண்டு தேசத்துக்கு அண்ணனூரில் கல்யாணம் செய்துவைக்க நாள் குறித்தாயிற்று. ஜாதகப் பொருத்தம் மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

வேலைக்கு வந்தவர் நெமிலிச்சேரியைச் சேர்ந்த தச்சர் ஏழுமலை. கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், யார் சார் அந்த ஜெயபாண்டி? மேடம் வாய்க்கு வாய் ஜெயபாண்டில இப்படி வராது, ஜெயபாண்டில அப்படி வராதுன்றாங்க. அவரு சைட்டாண்ட வரவே மாட்டாரா?” என்றார். வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். “அதான பாத்தேன். ஓனருக்கே மேல ஒரு ஓனரு” என்று போய்விட்டார்.

அடுத்த நாள் அவரே என்னைத் திணறவைத்தார். “நாளிக்கு சாரம் கட்டினாத்தான் சார் சீலிங் வேல நடக்கும்” என்றார். எங்கள் ஊரில் சாரம் என்றால் கைலி. மனுஷர் பேண்ட் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சிரமப்படுகிறார் என்று நினைத்து, “தாராளமாக் கட்டிக்கோங்க. இல்லன்னா என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு, தாரேன்” என்றேன். ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் சவுக்குக் கம்பும் கயிறும் வந்து இறங்கி ஹால் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நின்றபோதுதான் சாரம் எது என்று விளங்கிற்று. கோமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் கீது, பேஜார், கலீஜ், அப்பால, குந்து எல்லாம் கற்றுக்கொண்டவன் நான். பால்காரரிடம் “இன்னாபா தண்ணியா கீது” என்று கேட்கிற அளவுக்குத் தேறியவன். மிச்சம் இருந்த ஒரு சொல்லும் இன்றோடு தீர்ந்தது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஹால் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது. சுவருக்கு நிவேதா தேர்ந்தெடுத்த நிறத்தின் பெயர் ஓட்மீல். கஞ்சி நிறம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சுவர் கஞ்சி, திரை கஞ்சி, தரைக்கு ஒரு கம்பளி விரிப்பு, அதுவும் கஞ்சி. ஷோகேஸ் பரணுக்குப் போயிற்று. காலண்டர் மூன்றும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. “ராகுகாலம் பாக்கணும்னா இனி கதவச் சாத்திக்கிட்டுப் பாக்கணும், நல்ல குடும்பம்” என்றாள் கோமதி. கூரையிலிருந்து ஸ்விட்ச் பலகை வரை சுவரில் ஒரு விரிசல் உண்டு, கட்டடம் கட்டியவர் எங்களுக்குக் கொடுத்த சீர்வரிசை அது. அதைப் பூசச் சொல்லி ஏழுமலையைக் கூப்பிட்டேன். நிவேதா பதறிப்போய்த் தடுத்தாள். “ஐயோ அங்கிள், தொடாதீங்க! அது வாபி-சாபி.” குறையையே அழகாகப் பார்ப்பது ஜப்பானியத் தத்துவமாம். ஏழுமலை என் காதருகில் வந்து, “இன்னா சார், வாபஸ் பண்ணிட்டாங்களா?” என்றார். அந்த விரிசலுக்காகக் கட்டடக்காரரோடு நான் போட்ட சண்டை எல்லாம் கண்முன் வந்துபோயிற்று. அந்த ஆள் ஒரு ஜப்பானிய ஞானி என்று தெரியாமல் போயிற்றே.

கடைசியாக, மெரூன் சோபா இருந்த இடத்துக்குப் புதுச் சோபா வந்தது. உயரம் முழங்காலுக்கும் கீழே. ஜப்பான்காரர் தரையில் உட்காருவார், ஸ்காண்டிக்காரர் சோபாவில் உட்காருவார், இது இரண்டுக்கும் நடு என்றாள் நிவேதா. நான் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்ததில் சிரமமில்லை. எழுந்திருக்கக் கோமதி ஒரு கையும் ஏழுமலை ஒரு கையும் கொடுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் ஹால் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இதில் உட்காராதவன் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடத்தில் எல்லாரையும் வரச்சொன்னோம். கோமதி இரண்டு நாளாக முந்திரிக்கொத்து செய்திருந்தாள். முந்திரியே போடாமல் பயற்றம்பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பொரிக்கிற எங்கள் ஊர்ப் பலகாரம் அது. அரக்கோணத்துக்காரர்கள், வேலூர்க்காரர்கள், திருவண்ணாமலைக்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. ஒவ்வொருத்தரிடமும் “இருங்க, இருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி ஓடித் தட்டு கொண்டுவந்தேன். அவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். விரிசலுக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். இதில் முந்திரி எங்கே என்று கேட்டார்கள். பதினொன்றரைக்கு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தர் உட்காரவில்லை.

கடைசியாகத் தணிகாசலம் வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கையில் ஒரு பை முருங்கைக்காய். கம்பளி விரிப்பின் ஓரத்தில், அதன் மேல் கால் படாமல் கவனமாக நின்றார். “சோக்கா கீது சார்” என்றார். அலமாரிக் கைப்பிடி ஒன்று ஆடுகிறது என்று அதைச் சரிசெய்ய வந்திருந்த ஏழுமலை மூலையில் திருப்புளியோடு நின்றிருந்தார்.

“வாங்க அண்ணே, இருங்க, வாரேன்” என்று உள்ளே போனேன். தட்டோடு வந்தேன். நிற்கிறார்! அதே நிற்பு. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. பதினோரு வருஷத்துக் கோபம், வேறென்ன?

“ஒரு வார்த்த கேக்கேன் அண்ணே, தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுல உக்காந்தா ஒங்க மதிப்பு கொறஞ்சிருமோ?”

அவர் கையில் எடுத்த முந்திரிக்கொத்து பாதி வழியில் நின்றது. “இன்னா சார் பேசற நீ?”

“பதினோரு வருசமா இருங்க, இருங்கன்னு தொண்ட வறளக் கத்துதேன். ஒருநாளாவது இருந்தியளா?”

“டெய்லி இருந்துகினுதான கீறேன்!” அவர் குரலும் ஏறிவிட்டது. “நீ ‘இரு, வரேன்’ன்ற. நானும் நீ வர்ற வரிக்கும் நின்னுகினு இருக்கேன். தண்ணி குடுக்கற, குடிக்கறேன். காப்பி குடுக்கற, குடிக்கறேன். என்னிக்கினா ‘உக்காரு’ன்னு ஒரு வார்த்த சொல்லிகீறியா நீ? சொல்லு பாக்கலாம்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோமதியைப் பார்த்தேன், அவளுக்கும் புரியவில்லை. மூலையிலிருந்து ஏழுமலைதான் மெல்லத் தொண்டையைச் செருமினார். “சார், இருன்னா வெயிட் பண்ணுன்னு அர்த்தம் சார். அக்காகூட டெய்லி ‘இருங்க, டீ போட்டாரேன்’ம்பாங்க. இத்தினி நாளும் நான் நின்னுகினேதான் டீ குடிச்சேன். பெரிய எடம், குந்தக்கூடாது போலன்னு வுட்டுட்டேன்.”

கையில் தட்டோடு அப்படியே நின்றேன். எங்கள் ஊரில் ‘இருங்க’ என்றால் உட்காருங்கள் என்று அர்த்தம். அம்மா சொன்னது, அம்மாவின் அம்மா சொன்னது, திட்ட வந்தவருக்கும் சொன்னது. ‘உட்கார்’ என்பது வகுப்பில் வாத்தியார் பையனை அதட்டுகிற சொல், வந்த விருந்தாளியிடம் யாராவது அதைச் சொல்வார்களா? இந்த ஊரிலோ ‘இருங்க’ என்றால் காத்திருங்கள். அதோடு ‘வாரேன்’ என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு நான் உள்ளே ஓடியிருக்கிறேன். கலீஜையும் பேஜாரையும் கவனமாகக் கற்றுக்கொண்டேன், அவை எனக்குத் தெரியாத சொற்கள் என்பதால். இது என் சொந்தச் சொல் என்று நினைத்து யாரிடமும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தணிகாசலத்தின் கோபம் அடங்கியிருந்தது, ஆனால் சொல்ல வந்ததை அவர் நிறுத்தவில்லை. “எங்க ஊட்ல இன்னா பேசிப்போம் தெரியுமா சார்? தெக்கத்திகாரங்க, காப்பி குடுப்பாங்க, ஆனா நம்பள உக்கார வெக்க மாட்டாங்கன்னு. எம் பொண்டாட்டி அதனாலயே உங்க படி ஏறல. நீ நிக்கிறியே, இந்த எடத்துல எங்கம்மா கத்திரி பறிச்சிகீது. எங்க கொல்லில ஊட்டக் கட்டிகினு எங்களையே நிக்க வெக்கிறாங்களேன்னு எனுக்கு எவ்ளோ நாளு மனசு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?”

வெட்கமாக இருந்தது. அவர் என்னை எந்தத் தட்டில் வைத்திருக்கிறார் என்று நான் கிடந்து புழுங்கிய அதே வருஷங்களில், அவரும் அதே கேள்வியைக் கையில் காப்பி டம்ளரோடு கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்டிருக்க வேண்டியவன் நான். வீடு என்னுடையது. சுவருக்கு நிறம் தேடினேன், தச்சரைத் தேடினேன், ஜப்பான் வரைக்கும் போனேன். இந்த மனுஷரின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைக்க எனக்குத் தோன்றவில்லை. கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க அண்ணே” என்றேன். புதுச் சொல்லைப் பேசிப் பழகுகிறவன் மாதிரி எழுத்தெழுத்தாக உச்சரித்தேன்.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார், இறங்கிக்கொண்டே போனார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் சோபா அவரைத் தாங்கியது. “இன்னா சார் இது, கிணத்துல குந்துன மாதிரி கீது” என்றார். ஏழுமலையையும் இழுத்து உட்காரவைத்தோம். அன்றைக்குத் தணிகாசலம் இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டில் இருந்தார், இரண்டு அர்த்தத்திலும். பாசத்தால் பாதி, எழுந்திருக்க முடியாததால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலையில் கிணறு இருந்தது, எங்கே கத்திரி, எங்கே வெண்டை என்று கம்பளி விரிப்பின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். எங்கள் டிவி நிற்கிற இடத்தில் ஒரு புளியமரம் இருந்ததாம்.

சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தேன். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், எட்டு வயதில் எங்களோடு அண்ணனூர் வந்தவன். நடந்ததை எல்லாம் சொல்லி, “ஒனக்காவது இந்த இருங்க வெவகாரம் தெரியுமால?” என்றேன்.

“தெரியாதேப்பா” என்றான். “நீங்க அவங்கள வெயிட் பண்ணத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

போனை வைத்தபிறகு கோமதியிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் மனைவியோடு வந்தார். மனைவியின் கையில் கீரைக்கட்டு, தணிகாசலத்தின் தலைமேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. “உங்க ஜெயபாண்டி நமக்கு சரிப்பட்டு வரல அண்ணாத்தே. முட்டி போயிடும். இது எங்க ஊட்டு சேரு, இங்கியே கெடக்கட்டும்” என்று ஹாலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து நான் சார் இல்லை, அண்ணாத்தே. நாற்காலியும் அங்கேயே தங்கிவிட்டது. காலண்டரில் ஒன்று, கதவுக்குப் பின்னாலிருந்து விடுதலையாகி, விரிசல் மேல் ஆணியடித்துத் தொங்குகிறது. கம்பளி விரிப்பில் காப்பிக் கறை. தன் பெருமைக்கு நாலு போட்டோ எடுக்க வந்த நிவேதா வாசலிலேயே திகைத்து நின்றாள். “அங்கிள், அந்த ப்ளூ சேரை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கலாமா?” என்றாள். “அதத் தொடாதம்மா, அது வாபி-சாபி” என்றாள் கோமதி. பிறகு ஞாபகம் வந்தவளாக, “உள்ள வா, உக்காரு” என்றாள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் ‘இருங்க’ சொல்வதில்லை. தவறி வாயில் வந்தால் உடனே விழுங்கிவிட்டு ‘உக்காருங்க’ என்கிறோம். மிதியடி புதுசாகவே கிடக்கிறது. பதினோரு வருஷமாகக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. போன ஞாயிறு தணிகாசலம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. கடையத்து இன்சூரன்ஸ் ஏஜெண்டை நினைத்துக்கொண்டேன், ஆனால் எரிச்சல் வரவில்லை.

இதை எழுதுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கடையம் போயிருந்தேன். கோமதி முதல் நாளே போய்விட்டாள். காலையில் பஸ் இறங்கி, பையும் கையுமாக வாசலேறினேன். பழைய பட்டாசலை அண்ணன் இடித்து ஹால் ஆக்கியிருந்தான். கூரையில் நீலமும் சிவப்புமாக விளக்கு, சுவரோரம் மெரூன் நிறத்தில் ஒரு சோபா. மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, “வாங்க கொழுந்தனாரே, இருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர்ச் செம்போடு அவர் திரும்பி வந்தபோது பை இன்னும் என் தோளில் இருந்தது.

“இருங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? ஏன் நிக்கிய?”

“இருக்கேன் மதினி” என்றேன், மிதியடி மேல் நின்றபடி.